உங்களுக்குத் தெரியுமா? பசித்தவருக்கு எழுதி வைத்த உயில்கள்

● ‘தர்மத்துக்கு’ என்று மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு பம்பாய்க்காரரின் உயில், லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1899இல் தோற்றது. எந்தத் தர்மம், யாருக்கு, யார் கையால் என்று எதுவும் சொல்லாமல் விட்டால், அந்தப் பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று எந்த நீதிமன்றமும் கண்காணிக்க முடியாது. ஆகவே உயிலின் அந்தப் பகுதி செல்லாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். ரஞ்சோர்தாஸ் எதிர் பார்வதிபாய் என்பது வழக்கின் பெயர். அன்னசத்திரம் நடத்த வேண்டும் என்று வெளிப்படையாக எழுதியிருந்த உயில்களை நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆகையால் இன்ன ஊரில், இன்ன நிறுவனத்தின் மூலம், பசித்தவர்களுக்குச் சாப்பாடு என்று தெளிவாக எழுதுங்கள். நிறுவனத்தின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் சேர்த்து எழுதுவது நல்லது. ஒரே பெயரில் ஊருக்கு இரண்டு அறக்கட்டளை இருக்கிற காலம் இது.

● உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டியதில்லை. வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம், கையால் எழுதலாம், கைநாட்டு வைக்கலாம். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது முக்கியமாக ஒன்றைத்தான்: இரண்டு சாட்சிகள். இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று நீங்கள் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு உங்கள் முன்னிலையில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் அறத்துக்குச் சொத்து எழுதும்போது பின்னால் ‘அது அவர் கையெழுத்தே இல்லை’ என்ற பேச்சு எழ வாய்ப்பு கூடுதல். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு வலு குறைகிறது.

● இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் டிச்பர்ன் என்று ஒரு சின்னக் கிராமம். 12ஆம் நூற்றாண்டில் அங்கே மாபெல்லா என்ற சீமாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தார். ஊர் ஏழைகளுக்கு ஆண்டுதோறும் தானியம் கொடுக்க நிலம் ஒதுக்க வேண்டும் என்று கணவரிடம் கேட்டார். அடுப்பிலிருந்து எரியும் கொள்ளி ஒன்றை எடுத்த கணவர், இது அணைவதற்குள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி வருகிறாயோ அவ்வளவும் ஏழைகளுக்கு என்றாராம். எழுந்து நிற்க முடியாத அந்தப் பெண் தவழ்ந்தே 23 ஏக்கரைச் சுற்றி வந்தார் என்பது ஊர்க்கதை. அந்த வயலுக்கு இன்றும் ‘தவழ்ந்த நிலம்’ என்ற பொருளில்தான் பெயர். அதன் விளைச்சலிலிருந்து மார்ச் 25ஆம் தேதி மாவு கொடுக்கும் வழக்கம் வந்தது: பெரியவருக்கு ஒரு கேலன், பிள்ளைக்கு அரை கேலன்.

இந்தத் தர்மத்தை நிறுத்தினால் ஒரு தலைமுறையில் ஏழு மகன்களும் அடுத்த தலைமுறையில் ஏழு மகள்களும் பிறந்து குடும்பப் பெயரே அற்றுப்போகும் என்று அவர் சபித்துவிட்டுச் செத்தார் என்றும் சொல்கிறார்கள். 1796இல் கூட்டம் கட்டுக்கடங்காமல் போகிறது என்று மாவு கொடுப்பதை நிறுத்தினார்கள். பின்னால் ஏழு மகன்களும் ஏழு மகள்களும் பிறந்ததாகவும், 1803இல் மாளிகையின் ஒரு பகுதி இடிந்து விழுந்ததாகவும் சொல்லி, பயந்து மறுபடி தொடங்கினார்கள். 1671இல் ஓவியர் டில்போர்க் இந்த மாவு கொடுக்கும் காட்சியைப் படமாகவே வரைந்திருக்கிறார். சாபத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். என்னை உலுக்குவது வேறு. சாகக் கிடந்த ஒருத்தி கணவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், எல்லை குறித்த நிலத்தைக் கேட்டு வாங்கினார். மாவு நூற்றாண்டுகள் தாண்டி வந்ததற்கு அந்த எல்லைதான் காரணம்.

● இலங்கையில் விதி வேறு. நொத்தாரிசு (நோட்டரி) ஒருவர் முன்னிலையில் என்றால் இரண்டு சாட்சிகள். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். ‘அன்னதானக் கந்தன்’ என்று பெயரெடுத்த தொண்டைமானாறு செல்வச்சந்நிதியின் மடங்களில் ஒன்றுக்கு எழுதி வைக்க நினைக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் இதைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டு உறவினரின் உயிலைப் பார்த்து எழுதி இரண்டு சாட்சியோடு நிறுத்திவிட்டால் அங்கே அது செல்லாது.

● உலகத்தின் பெயர்பெற்ற உயில் ஒன்று பசிக்கு எதிரான வேலையை மூன்று முறை கௌரவித்திருக்கிறது. ஆல்ஃபிரட் நோபல் 1895 நவம்பர் 27இல் வழக்கறிஞர் துணையில்லாமல் தன் கையாலேயே எழுதிப் பாரிஸில் கையெழுத்திட்டது அது. அந்தப் பணத்திலிருந்து வரும் அமைதிப் பரிசு 1949இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் முதல் தலைமை இயக்குநர் ஜான் பாய்ட் ஆருக்கும், 1970இல் கோதுமை விஞ்ஞானி நார்மன் போர்லாக்குக்கும், 2020இல் உலக உணவுத் திட்டத்துக்கும் போயிற்று. உறவினர்கள் அந்த உயிலை எதிர்த்தார்கள். ராக்னர் சோல்மான் என்ற இளம் பொறியாளரை நிறைவேற்றுபவராக நோபல் பெயர் சொல்லி நியமித்திருந்தார். அவர்தான் பாரிஸில் இருந்த பங்குப் பத்திரங்களைக் குதிரை வண்டியில், கைத்துப்பாக்கியோடு காவல் இருந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்.

● நிறைவேற்றுபவர் பெயரை எழுதாத உயிலும் செல்லும். ஆனால் பிறகு நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும்வரை எல்லாம் காத்திருக்கும். உங்களைவிட வயது குறைந்த, உங்கள் சொத்தில் பெரிய பங்கு எதிர்பார்க்காத ஒருவரை நியமியுங்கள். அவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்குங்கள்.

● தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1799இல் நாட்டின் ஆட்சியைக் கும்பினியிடம் இழந்தார். 1801இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், சத்திரங்களை மட்டும் தம் பொறுப்பில் விட்டுவிடுமாறு கேட்கிறார். அங்கே நடப்பதை அவர் விவரிக்கும் விதத்தை ஒவ்வொரு அறக்கட்டளைக்காரரும் படிக்க வேண்டும். எந்தச் சாதியாரானாலும், எந்த மதத்துப் பரதேசியானாலும் வழிப்போக்கருக்குச் சோறு உண்டு. சமைத்த சோறு சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகையும் அளந்து தரப்படும். சோறு போடுவது நடுராத்திரி வரை நடக்கும். பிறகு மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாரும் இருந்தால் வரலாம் என்று கூப்பிடுவார்கள். நோயாளிக்கு வைத்தியர். கைக்குழந்தைக்குப் பால். கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் பராமரிப்பு. அனாதைப் பிள்ளைகளுக்குப் படிப்பு.

ஒரத்தநாட்டில் இருக்கும் முக்தாம்பாள் சத்திரம் சரபோஜியின் காதலி பெயரில் எழுந்தது. சாகும் தறுவாயில் அவர் கேட்டுக்கொண்டதே அது என்பது வழிவழியாக வரும் செய்தி. எழுதாத உயில். சொன்னதைக் காப்பாற்றக்கூடிய ஆள் அருகில் இருந்ததால் நிறைவேறியது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

தஞ்சைச் சத்திரங்கள் பல இன்று பள்ளியாகவும் விடுதியாகவும் இருக்கின்றன. சத்திரச் சொத்துகளைக் கவனிக்க மாவட்ட ஆட்சியரின் கீழ் தனி நிர்வாகமே இருக்கிறது. சோறு போட விட்ட நிலம், காலம் மாறும்போது படிப்புக்கும் பயன்படுகிறது. சட்டத்தில் இதற்கு இடம் உண்டு: எழுதியவர் சொன்ன காரியம் நடத்த முடியாமல் போனால், அதற்கு மிக நெருங்கிய வேறொரு நற்காரியத்துக்கு நீதிமன்றம் அதைத் திருப்பிவிடலாம். தர்மம் செத்துப்போக விடுவதில்லை.

● தனியாருக்குச் சொத்தை முடிவில்லாமல் கட்டிப்போட சட்டம் விடாது. பேரன், அவன் பேரன், அவனுக்குப் பிறகு அவன் பேரன் என்று எழுதினால் செல்லாது. பொது அறத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ‘முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் ஆண்டாண்டு காலத்துக்கும் சோறு போடவும்’ என்று எழுதலாம்.

● திருமலையில் நித்திய அன்னதானம் 1985இல் தொடங்கியது. அன்பர்கள் தரும் பணத்தை வங்கியில் போட்டு வைத்து, அதன் வட்டியில் பந்தி நடக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் 2002இல் அரசின் அன்னதானத் திட்டம் வந்த பிறகு இங்கேயும் இதே முறை ஊன்றியிருக்கிறது. ஒரு தொகையைக் கோயிலின் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டால், ஆண்டுக்கு ஒரு நாள் அதன் வட்டியில் சாப்பாடு. அன்று காலை சாப்பாட்டுக்கூட வாசலில் கரும்பலகையில் ‘இன்றைய உபயம்’ என்று சுண்ணாம்புக்கட்டியால் பெயர் எழுதுவார்கள். உள்ளே இலையில் சாதம், சாம்பார், பொரியல், ரசம், மோர். பலகையில் இருக்கும் பெயருக்குரியவர் பல நேரம் உயிரோடு இல்லை. சாப்பிடுகிறவர்களுக்கு அவரைத் தெரியாது. உயிலில் இந்த வைப்பு நிதிக்கென்று ஒரு வரி எழுதினால் போதும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பௌர்ணமி, அமாவாசை, குருபூஜை என்று சில நாட்களில் தேவைக்கு மேல் சோறு. மற்ற நாட்களில் அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிக்குத் துணைக்கு வந்தவர்கள் டீயும் பன்னுமாகப் பொழுதைக் கழிக்கிறார்கள். உயில் எழுதுகிறவர்கள் ‘என் நட்சத்திரத்தன்று வடை பாயசத்தோடு’ என்று நாளைக் கட்டாமல், ‘தேவை அதிகமுள்ள நாட்களில்’ என்று நடத்துகிறவர் கையில் விட்டால் அதே பணம் இன்னும் பல வயிறுகளைச் சேரும்.

● வடலூரில் வள்ளலார் 1867 மே 23இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரை அணையவில்லை. தருமசாலைக்கும் ஞானசபைக்கும் இடமாக ஏறக்குறைய 80 காணி நிலத்தை அந்த ஊர் மக்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தார்கள்.

உயிரோடு கொடுப்பதற்கும் உயிலில் கொடுப்பதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் சொத்து அன்றே கைமாறிவிடும்; பெரும்பாலும் திரும்பி வாங்க முடியாது. உயில் அப்படியல்ல. கடைசி மூச்சுவரை சொத்து உங்களுடையது. மருத்துவச் செலவு வந்தால் விற்கலாம். மனம் மாறினால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ‘கொடுக்க ஆசைதான், ஆனால் கடைசிக் காலத்தில் எனக்கே தேவைப்பட்டால்?’ என்று தயங்குகிற ஓய்வூதியக்காரர்களுக்கு உயில்தான் ஏற்ற வழி.

● ‘இன்ன சர்வே எண்ணில் உள்ள இரண்டு ஏக்கர் அன்னதானத்துக்கு’ என்று எழுதிவிட்டு, பிறகு மகள் திருமணத்துக்காக அந்த நிலத்தை விற்றுவிட்டால் அறக்கட்டளைக்கு என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. விற்ற பணத்தைக் கேட்கவும் முடியாது. இறக்கும்போது அந்தப் பொருள் உங்களிடம் இல்லாவிட்டால் அந்த வரி அதோடு போயிற்று. ஒரு லட்சம் என்று தொகையாக எழுதினால் வேறு சிக்கல்: இருபது வருடத்தில் அரிசி விலை எங்கேயோ போய்விடும். கடன், இறுதிச் சடங்குச் செலவு, குடும்பத்துக்கான பங்கு எல்லாம் போக எஞ்சியதில் நூற்றுக்கு இத்தனை பங்கு என்று எழுதுவது இரண்டுக்கும் மாற்று. சொத்து கூடினால் அறமும் கூடும். குறைந்தாலும் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்க மாட்டார்கள்.

● ‘வங்கியில் நாமினி போட்டாயிற்று, உயில் எதற்கு?’ என்று கேட்பவர்கள் அதிகம். வங்கி டெபாசிட்டில் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள் மட்டுமே. உரிமை உயிலில் பெயருள்ளவருக்கு, உயில் இல்லாவிட்டால் சட்டப்படியான வாரிசுகளுக்கு. பங்குகளுக்கும் அப்படியே என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் உறுதி செய்தது. டெபாசிட்டை அன்னதானத்துக்கு எழுதியிருந்தால் அதை நாமினியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது நேர்மாறு: சிபிஎஃப் என்ற மத்திய சேமநிதிச் சேமிப்பு உயிலுக்குள் வரவே வராது. அதற்கு நியமனம் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

● இந்தியாவில் மரண வரி 1985இல் ஒழிந்தது. அதனால் அறத்துக்கு எழுதி வைப்பதால் வரியில் ஆதாயம் ஏதும் இல்லை. எழுதுகிறவர்கள் மனசுக்காகத்தான் எழுதுகிறார்கள். பிரிட்டனில் பொதுவாக 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு 40 சதவீத வாரிசு வரி. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்துக்குப் போகும் பகுதிக்கு வரி கிடையாது. வரிக்குரிய நிகரச் சொத்தில் பத்தில் ஒரு பங்கையாவது தொண்டுக்கு எழுதினால், மிச்சத்துக்கான வரியும் 36 சதவீதமாகக் குறையும். 2012 ஏப்ரலிலிருந்து இந்தச் சலுகை இருக்கிறது. லண்டன் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டு விலையாலேயே இந்த வரம்பைத் தாண்டியவர்கள் நிறைய; அவர்கள் இதைக் கணக்குப் பார்க்கலாம்.

● ஒரு காலத்தில் இந்தியக் கிறிஸ்தவர் ஒருவர் ஏழைகளுக்கு உயில் எழுதி வைப்பதே பெரும்பாடு. வாரிசுரிமைச் சட்டத்தின் 118ஆம் பிரிவுப்படி, நெருங்கிய உறவினர் உள்ளவர் அறத்துக்குச் சொத்து எழுதினால், சாவதற்குக் குறைந்தது 12 மாதம் முன்னாலேயே எழுதி, எழுதிய ஆறு மாதத்துக்குள் அரசிடம் ஒப்படைத்திருக்க வேண்டும். பதினோராவது மாதம் இறந்தால் பசித்தவருக்கு எழுதிய வரி வீண். சாகக் கிடப்பவரைப் பாதிரிமார் மிரட்டி எழுதி வாங்கிவிடுவார்கள் என்று 1736இல் இங்கிலாந்து போட்ட சட்டத்தின் வாரிசு இது. இங்கிலாந்து 1960இல் தன் சட்டத்தைக் கைவிட்டது. இங்கே கேரளத்துக் குருவானவர் ஜான் வல்லமட்டம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மற்ற மதத்தினருக்கு இல்லாத தடை கிறிஸ்தவருக்கு மட்டும் ஏன் என்ற கேள்வியை ஏற்று, 2003 ஜூலையில் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது.

ஒன்று மட்டும் இன்னும் உண்டு: கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு அப்படி இல்லை.

● இஸ்லாமியர் தம் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வாரிசல்லாதவருக்கோ அறத்துக்கோ எழுதி வைக்கலாம். அதற்கு மேல் போனால் வாரிசுகள் சம்மதிக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் செல்லும். ஆனாலும் எழுதி வைப்பதே பாதுகாப்பு.

● பச்சையப்ப முதலியார் வறுமையில் பிறந்து துபாஷியாக உயர்ந்தவர். 1794இல் இறந்தார். கோயில்களுக்கும் அறங்களுக்கும் பெரும் செல்வத்தை உயிலில் எழுதி வைத்தார். பிறகு நடந்தது நீண்ட வழக்கு. பணம் நீதிமன்றப் பொறுப்பில் முடங்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் நிலைமை சீராகி, வட்டியாகச் சேர்ந்த உபரியிலிருந்து 1842இல் சென்னையில் பள்ளி திறந்தார்கள். பச்சையப்பன் கல்லூரி அதன் வளர்ச்சி. உயிலுக்கும் பள்ளிக்கும் நடுவில் 48 ஆண்டு. அவர் நினைத்ததைவிட நல்லது பெரிதாகவே நடந்தது. ஆனால் அந்த 48 ஆண்டும் பசித்திருந்தவர்களுக்கு அது உதவவில்லை. பெரிய சொத்து எழுதுகிறவர்கள் குடும்பத்தை உட்காரவைத்து, எதை எதற்கு எழுதியிருக்கிறோம் என்று உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

● டொராண்டோவில் கனடா குடியுரிமை வாங்கிய ஒருவர் தஞ்சாவூர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்தால், பெறுகிற அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் அனுமதி இருக்க வேண்டும். பணம் முதலில் எஸ்பிஐ புதுதில்லி முதன்மைக் கிளையில் அந்த அறக்கட்டளை வைத்துள்ள கணக்குக்குத்தான் வர முடியும். ஓசிஐ அட்டை இருந்தாலும் இதுவே விதி. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தடை இல்லை. அனுமதி இருக்கிறதா என்று உயில் எழுதுமுன் கேட்டுவிடுங்கள்.

● ஐ.நா. அமைப்புகளின் கணக்குப்படி 2024இல் உலகில் பசியோடு இருந்தவர்கள் ஏறக்குறைய 67 கோடியே 30 லட்சம் பேர். நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல். ஆப்பிரிக்காவில் மட்டும் 30 கோடிக்கும் அதிகம். பந்தி போடுவது இதில் ஒரு பகுதியைத்தான் தொடும். கர்ப்பிணிக்கு ஊட்டம், பள்ளிப் பிள்ளைக்குக் காலை உணவு, சிறு விவசாயிக்கு விதை, வறட்சிக்காலத்துக் கிணறு எல்லாம் பசியை எதிர்க்கும் வேலைதான். ‘உணவு மற்றும் ஊட்டச்சத்துப் பணிகளுக்கு’ என்று கொஞ்சம் அகலமாக எழுதினால் நடத்துகிறவர்கள் காலத்துக்கேற்பச் செலவிட முடியும்.

● உயிலை உறையிலிட்டு ஒட்டி, மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கும் வசதி 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலேயே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் இருக்கும்வரை யாரும் பார்க்க முடியாது. எழுதியவர் இறந்த பிறகு யாராவது விண்ணப்பித்தால், விண்ணப்பித்தவர் முன்னிலையில் பதிவாளர் உறையைத் திறந்து நகலைப் பதிவேட்டில் ஏற்றுவார். ஆனால் விண்ணப்பிக்க ஒருவர் வேண்டும். ஆகவே உறை எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்பதை நிறைவேற்றுபவரிடமும், நீங்கள் எழுதி வைத்த நிறுவனத்திடமும் ஒரு கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.